கோலம் போட்ட கைக்குப் பென்சில் புதுசா?

(மூலக்குளத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்கிற நம் உறுப்பினர்கள், டிசைன் வரைய வெளியாளுக்குக் காசு கொடுக்கிறார்கள். நாமே வரையக் கற்றுக்கொண்டால் அந்தக் காசு நம் கையில் நிற்கும். வகுப்புக்குப் போக நேரம் ஏது என்று கேட்பீர்கள். போன் இருக்கிறதே!

பீகாரில் மதுபனிப் பக்கம் துலாரி தேவி என்று ஒருவர். மீனவக் குடும்பம், பள்ளிப்படிப்பு இல்லை, வீட்டு வேலை செய்து பிழைத்தவர். மகாசுந்தரி தேவி, கர்பூரி தேவி என்ற ஓவியர்கள் வரைவதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்தே பழகினார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2025 பட்ஜெட் அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கட்டியிருந்த புடவையில் இருந்த ஓவியம் இவர் வரைந்ததுதான். சென்னை தாரா புக்ஸ் இவர் கதையைப் புத்தகமாகவே போட்டிருக்கிறது. பெரியவர்கள் வரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. நமக்கு அதை யூடியூப் தருகிறது.

டைப் அடிக்க வராதா? மைக் படத்தைத் தொட்டு, "பென்சில் ஓவியம் ஆரம்பப் பாடம்" என்று தமிழிலேயே சொல்லுங்கள். நாலைந்து பேர் பாடத்தைப் பாருங்கள். யார் பேசுவது புரிகிறதோ அவரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகப் போனால் பாதி வேகத்தில் ஓட விடலாம். ஒரு கோடு போட்டதும் வீடியோவை நிறுத்துங்கள், நீங்களும் அதே கோட்டைப் போடுங்கள். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவும் சீரியல் மாதிரிதான், டேட்டா தீரும், கை பழகாது.

ஒரு நல்ல பயிற்சி உண்டு. அமெரிக்காவில் பெட்டி எட்வர்ட்ஸ் என்ற ஓவிய ஆசிரியை 1979-ல் எழுதிய புத்தகத்தால் பிரபலமானது. ஒரு படத்தைத் தலைகீழாக வைத்து, அப்படியே பார்த்து வரைய வேண்டும். நேராக இருந்தால் "இது கண்ணு, இது மூக்கு" என்று மனசில் இருக்கிறதை வரைந்துவிடுகிறோம். தலைகீழாக வைத்தால் கோடும் வளைவும் மட்டும்தான் தெரியும், பார்த்ததை வரைவோம். மார்கழியில் பெரிய கோலத்தை எதிரெதிரே நின்று இரண்டு பேர் போடுகிறோமே, நமக்கா இது வராது?

முகம், புடவை மடிப்பு வரைய ஆசைப்படுகிறவர்கள், 2021-ல் கொரோனாவில் காலமான கும்பகோணம் பக்கத்து ஓவியர் இளையராஜாவின் படங்களைத் தேடிப் பாருங்கள். நம் வீட்டுப் பெண்கள்தான், வாசற்படியிலும் ஜன்னலோரத்திலும் இருப்பார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எங்கே கருக்கிறது என்று கவனியுங்கள்.

ஆனால் பழகுவது வேறு, விற்பது வேறு. அடுத்தவர் டிசைனை அப்படியே இறக்கிப் புடவையில் போட்டு விற்றால் சட்டப்படி தப்பு. நம் நாட்டில் ஓவியர் இறந்து 60 வருஷம் வரை உரிமை அவர் குடும்பத்துக்கோ வாங்கியவருக்கோ இருக்கும். 1906-ல் மறைந்த ரவிவர்மா படங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. அதைவிட, நம் பாட்டி போட்ட புள்ளிக்கோலத்தையே ஜாக்கெட்டுக் கையில் வரைந்து பாருங்களேன், அதற்கு யாரைக் கேட்கணும்?

இன்னொன்று. "பணம் கட்டுங்க, சர்ட்டிபிகேட் தர்றோம்" என்று போனில் வருவதற்குக் குழுவைக் கேட்காமல் பணம் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஓவியத்தில் உண்மையான ஆர்வம் இருந்தால், நம் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் பட்டப்படிப்பாகவே படிக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு கோடு போடாத நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள். முதலில் டீ டம்ளரை வரைவோம்.