சத்திரசிகிச்சையும் உடற்சூடும்

கச்சான் காற்று வீசும் நாட்களில், கல்முனைக் கரையில் குளிர் என்ற சொல்லுக்கே இடமில்லை. ஆயினும், அவ்வூர் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையாயினும், குளிர்நாட்டு வைத்தியசாலையாயினும், சத்திரசிகிச்சை மேசையில் மயங்கிக் கிடப்பவரின் உடல் குளிரக்கூடும்.

காரணம் யாது? மயக்கமருந்து தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. உள்ளுறுப்புகளின் வெப்பம் கைகால்களுக்குப் பரவி வெளியேறுகிறது. நடுங்கிச் சூடேற்றும் இயல்பும் அடங்கிவிடுகிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே உட்சூடு ஒரு பாகைக்கு மேல் தாழலாம்.

அது 36 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கினால் குருதி உறையத் தாமதிக்கும், காயம் சீழ்கொள்ளும். 1996ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், பெருங்குடற் சத்திரசிகிச்சை பெற்ற 200 பேருள், சூடு பேணப்பட்டோரில் நூற்றுக்கு 6 பேருக்கும், குளிர்ந்தோரில் நூற்றுக்கு 19 பேருக்கும் காயத்தில் கிருமி தொற்றியது.

இழந்த சூட்டை மீட்பதிலும் இழவாது காப்பதே எளிது. மயக்கமருந்துக்கு முன்பே போர்த்திச் சூடூட்டல், வெப்பக்காற்றுப் போர்வை, இளஞ்சூடாக்கிய சேலைன் ஆகியவையே வழிகள். நோயாளருக்கும் ஒரு கடமை உண்டு: குளிர்ந்தால் கூச்சமின்றித் தாதியரிடம் சொல்லுதல். அச்சிறு சொல் பெருந்துன்பத்தைத் தவிர்க்கலாம்.