மனையிழந்தோரின் மைதானம்

(கட்சி வாசிப்பு வட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கால்பந்து கிளப் ஒன்றின் வரலாற்றை இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டது ஏன் என்று சிலர் கேட்டீர்கள். விளையாட்டு என்பது உழைக்கும் மக்களை அரசியலிலிருந்து திசைதிருப்பும் மயக்க மருந்து என்னும் கருத்து நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பை அணுகுவதற்கு அந்தக் கருத்து போதாது. வீட்டையும் நிலத்தையும் இழந்து எல்லை கடந்து வந்த மக்கள் ஓர் அணியைத் தம் முகவரியாகப் பற்றிக்கொண்டது எவ்வாறு, அந்த அணி இன்று எவர் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பவற்றையே இங்குப் பேச விழைகிறேன்.

தொடக்கம் ஓர் அவமதிப்பில் இருக்கிறது. 1920 ஜூலை 28 அன்று கூச் பிஹார் கோப்பைக்கான ஆட்டத்தில் ஜோராபகான் அணி மோகன் பகானை எதிர்கொண்டது. சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரரை ஜோராபகான் நிர்வாகம் களமிறக்கவில்லை. ஏற்கத்தக்க காரணமும் சொல்லவில்லை. அவர் கிழக்கு வங்கத்தவர் என்பதே காரணம் என்று கருதப்பட்டது. அந்தக் கிளப்பின் துணைத்தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சவுத்ரி அவருக்காக வாதாடிப் பார்த்தார். பயனில்லாமற் போகவே பதவி விலகினார். நான்கே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, அவரும் நண்பர்களும் சேர்ந்து புதிய கிளப்பைத் தொடங்கினர். பிறந்த மண்ணின் பெயரையே அதற்கு இட்டனர்.

இவர்கள் பாட்டாளிகள் அல்லர். நிலவுடைமையும் வணிகமும் கல்வியும் உடைய, கொல்கத்தாவில் வேரூன்றிய கிழக்கு வங்கத்து மேட்டுக்குடியினர். முதல் தலைவரான சாரதா ரஞ்சன் ராய் கல்வியாளர், வங்கத்தில் கிரிக்கெட்டைப் பரப்பியவர். சத்யஜித் ராயின் பாட்டனாருடைய அண்ணன். ஆகவே இக்கிளப்பை உழைப்பாளர் அமைப்பாகத் தொடக்கத்திலிருந்தே சித்திரித்துக்காட்ட முற்படுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மேற்கு வங்கத்தவரான 'கோட்டி'களுக்கும் கிழக்கு வங்கத்தவரான 'பாங்கால்'களுக்கும் இடையே பேச்சு வழக்கிலும் உணவிலும் ஏளனத்திலும் நிலவிய பிணக்கு இக்கிளப்பின் பிறப்பில் கலந்திருந்தது, அவ்வளவே.

மோகன் பகான் 1911இல் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் படையணியை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய கதையை நீங்கள் அறிவீர்கள். ஏகாதிபத்திய எதிர்ப்பின் அடையாளமாக அந்த வெற்றி போற்றப்படுவது முற்றிலும் சரியே. ஆனால் அதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு. கல்கத்தா லீக்கின் முதல் பிரிவில் இந்திய கிளப்புகள் இரண்டுக்கு மேல் ஆடக்கூடாது என்று ஆங்கிலேயர் விதி வகுத்திருந்தனர். ஈஸ்ட் பெங்கால் இரண்டாம் பிரிவில் தகுதி பெற்றும் அந்த விதி வழிமறித்தது. விதியைத் தளர்த்தும் பேச்சு எழுந்தபோது, ஏற்கெனவே உள்ளே இருந்த இந்திய கிளப்புகளாகிய மோகன் பகானும் ஆரியனும் எதிர்த்தன. ஐரோப்பிய கிளப்புகள் ஆதரித்தன! ஒதுக்கப்பட்ட சிறு இடத்தில் முன்னமே அமர்ந்துவிட்டவர், அடுத்து வருபவரை நெருக்கித் தள்ளும் காட்சி மைதானத்துக்கு மட்டும் உரியதன்று. 1925இல் ஈஸ்ட் பெங்கால் முதல் பிரிவில் ஆடத் தொடங்கியது.

இவை அனைத்தும் முன்னுரையே. 1947தான் இக்கிளப்பை இன்றைய பொருளில் உருவாக்கியது.

பிரிவினைக்குப் பின், குறிப்பாக 1950ஆம் ஆண்டுக் கலவரங்களை அடுத்து, கிழக்கு வங்கத்திலிருந்து மக்கள் லட்சக்கணக்கில் வந்தனர். சியால்தா ரயில் நிலைய நடைமேடைகளே பலருக்கு வீடாயின. அரசு அவர்களை 'சரணார்த்தி' என்றது. அடைக்கலம் தேடி வந்தவர் என்பது அதன் பொருள். அவர்களோ அந்தச் சொல்லை விரும்பவில்லை. 'உத்வாஸ்து', 'பாஸ்துஹாரா' என்றே தம்மை அழைத்துக்கொண்டனர். நம்மூரில் வாஸ்து என்றால் வாசலை இடித்துத் திருப்பி வைக்கச் சொல்லும் வணிகம் நினைவுக்கு வரும். மூலப்பொருள் மனை, குடியிருக்கும் நிலம் என்பது. உத்வாஸ்து என்பவர் மனையிலிருந்து பெயர்க்கப்பட்டவர்; பாஸ்துஹாரா மனையை இழந்தவர். தமிழில் நாம் 'அகதி' என்று எழுதிவிடுகிறோம். கதியற்றவர் என்னும் அச்சொல் இரக்கத்தைக் கோருகிறது; வங்கச் சொற்களோ இழப்பைச் சொல்லி உரிமையைக் கோருகின்றன. மொழிபெயர்ப்பு மேசையில் இந்த வேறுபாட்டை ஈடுசெய்ய நான் பலமுறை திணறியிருக்கிறேன். 'மனையிழந்தோர்' என்பதே ஓரளவு நெருங்கி வருகிறது.

அந்த மனையிழந்தோர் தெற்குக் கொல்கத்தாவின் தரிசு நிலங்களிலும், கைவிடப்பட்ட ராணுவக் கொட்டகைகளிலும் தாமே குடியேறினர். பிஜய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர் என்று குடியிருப்புகள் எழுந்தன. மூங்கிலும் ஓலையும் கொண்டு இரவோடிரவாகக் குடிசைகள் கட்டினர்; நிலவுடைமையாளரின் அடியாட்களையும் காவல்துறையையும் எதிர்த்து நின்றனர். 1950இல் உருவான ஐக்கிய மத்திய அகதிகள் கவுன்சிலில் கம்யூனிஸ்டுகளின் பங்கு தலையாயது. 1951இல் அரசு கொண்டுவந்த வெளியேற்ற மசோதாவுக்கு எதிரான போராட்டம், வங்க இடதுசாரி இயக்கத்தின் வளர்ச்சியில் ஒரு பெருங்கட்டம். பகலில் ஊர்வலத்தில் நடந்த இளைஞனே மாலையில் மைதானுக்குப் போய்ச் சிவப்பும் பொன்மஞ்சளுமான கொடியைத் தூக்கினான். ஊர் போயிற்று, ஊரின் பெயர் மட்டும் ஓர் அணியின் மேற்சட்டையில் எஞ்சியிருந்தது. வரைபடத்தில் கிழக்கு வங்கம் கிழக்குப் பாகிஸ்தானாகி, பின்னர் வங்கதேசமும் ஆயிற்று. ஆனால் ஈஸ்ட் பெங்கால் என்னும் பெயர் லீக் பட்டியலில் வாரந்தோறும் அச்சேறிக்கொண்டிருந்தது.

சரியாக அந்த ஆண்டுகளில்தான் அணி வென்று குவித்தது. 1949இல் லீக், ஐ.எஃப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கோப்பை மூன்றும் வசமாயின. கேடயம் 1949, 1950, 1951 எனத் தொடர்ந்து மூன்று முறை. 1951இலும் 1952இலும் டூரண்ட் கோப்பை. இந்த வெற்றிகளின் நடுநாயகம் 'பஞ்ச பாண்டவர்' என்று அழைக்கப்பட்ட முன்வரிசை ஐவர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரில் ஒருவர்கூட வங்காளி அல்லர். அனைவரும் தெற்கிலிருந்து சென்றவர்கள். அகமது கான் பெங்களூரு, அப்பாராவ் ஆந்திரம், சாலே கேரளம். மதக் கலவரத்தில் ஊரைவிட்டு ஓடிவந்த இந்துக் குடும்பங்களின் பிள்ளைகள், அகமது கானையும் சாலேயையும் தம்மவராகக் கொண்டாடினர். அகதிகளின் துயரத்தை வகுப்புவாத விளைநிலமாக்க முயன்ற சக்திகள் அன்றும் வங்கத்தில் இருந்தன. அந்த முயற்சி ஏன் பல்லாண்டுகள் எடுபடவில்லை என்பதை ஆராய்வோர், குடியிருப்புப் போராட்டங்களோடு இந்த ஐவரையும் ஒரு வரியிலேனும் குறிக்க வேண்டும்.

1953இல் புக்காரெஸ்ட் நகரில் உலக இளைஞர் விழா நடந்தபோது, அங்கு நடைபெற்ற கால்பந்துப் போட்டிக்கு அழைக்கப்பட்டது இந்த அணியே. அதையடுத்து சோவியத் ஒன்றியத்திலும் சுற்றுப்பயணம் செய்து ஆடியது. குடிசையில் வாழும் ரசிகர்களின் அணி மாஸ்கோவுக்குப் போயிற்று!

எழுபதுகள் பொற்காலம். 1970இல் ஈரானின் பாஸ் தெஹ்ரான் அணியைக் கேடய இறுதியாட்டத்தில் 1-0 என வென்றது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய பரிமள் தே அடித்த கோல் அது. 1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ச்சியாக லீக் பட்டம். 1975 செப்டம்பர் 30 அன்று மோகன் பகானை 5-0 என வீழ்த்திய ஆட்டத்தை இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். அன்றிரவு மோகன் பகானின் இளம் ரசிகர் ஒருவர் தோல்வி தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டதை அதே பெருமையோடு 'ரசிக பக்தி'யாகப் பேசுவதை என்னால் ஏற்க இயலாது. வெறி எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு 1980 ஆகஸ்ட் 16 சான்று. ஈடன் கார்டன்ஸில் இவ்விரு அணிகளின் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் கொல்கத்தாவில் ரத்ததானம் நடக்கிறது. நம் தோழர்கள் சொல்லும் 'மயக்க மருந்து' வாதத்துக்கு இந்நிகழ்ச்சியில் இடமுண்டு, மறுக்கவில்லை.

அதே 1980இல்தான் அலிகர் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஈரானிய மாணவர் மஜித் பிஷ்கர் இந்த அணியில் சேர்ந்து, நகரத்தையே தன் கால்களில் கட்டிப்போட்டார். நூற்றாண்டு விழாவுக்கு 2019இல் அவர் மீண்டும் வந்தபோது, அவர் ஆடியதைப் பார்த்தே இராத இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகத் திரண்டு வரவேற்றார்கள்.

இனி மூலதனம். தொண்ணூறுகளுக்கு முன்பும் பணம் புழங்கியது. ஆட்டக்காரர்கள் பெயரளவில் அமெச்சூர்கள், மறைவாக ஊதியம் பெற்றார்கள். ஒப்பந்தக் காலத்தில் அவர்களை ஒளித்துவைத்துக் கடத்திப்போன கதைகள் கொல்கத்தாவில் ஏராளம். ஆனால் கிளப் உறுப்பினர்களுடையதாக இருந்தது. 1997 ஜூலை 13 அன்று, இடது முன்னணி ஆட்சிக்காலத்தில் கட்டப்பட்ட சால்ட் லேக் அரங்கில், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைக் காண 1,31,000க்கும் மேற்பட்டோர் கூடினர். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. அந்தத் திரளைப் பார்த்த முதலாளிகள் அதில் சந்தையைக் கண்டனர். மறு ஆண்டே மதுபான நிறுவனம் ஒன்று நுழைந்து, கிளப்பின் பெயருக்கு முன்னால் தன் பீர் வகையின் பெயரைச் சேர்த்தது. மனையிழந்தோர் காத்த பெயர்!

2003இல் ஜகார்த்தாவில் தாய்லாந்தின் பெக் டெரோ சாசனா அணியை 3-1 என வென்று ஆசியான் கோப்பையைக் கொணர்ந்தது இந்த அணி. ஆயினும் 2014இல் ரிலையன்ஸ் சார்ந்த நிறுவனத்தின் கையில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, நூற்றாண்டை நெருங்கிய கிளப்புகளுக்கு அதில் இடமில்லை. ஆட்டத்தில் வென்று மேலேறும் வழி அடைக்கப்பட்டது. முதலீட்டாளரோடு வந்தால்தான் அன்று கதவு திறந்தது. ஐரோப்பியரின் இரு-கிளப் விதியை இங்கு நினைத்துக்கொள்ளுங்கள். 2018இல் க்வெஸ் நிறுவனம் 70 விழுக்காடு பங்கு பெற்று, இரண்டு ஆண்டில் விலகிற்று. 2020இல் ஸ்ரீ சிமெண்ட் வந்தது. லீக்கில் இடமும் கிடைத்தது. இறுதி ஒப்பந்தம் உறுப்பினர்களின் உரிமையைப் பறிக்கும் என்று நிர்வாகிகள் கையொப்பமிட மறுத்தனர். கையொப்பமிடாவிடில் அணியே ஆடாது என்று ரசிகர்கள் கொதித்தனர். 2021 ஜூலையில் கிளப் வாசலிலேயே மோதலும் தடியடியும் நிகழ்ந்தன. நிர்வாகிகளின் நெடுங்கால ஆதிக்கமும் தூய்மையானதன்று என்பதால் எந்தப் பக்கம் நிற்பது என்று எளிதில் சொல்லிவிட இயலாது. 2022 முதல் இமாமி குழுமம். 2025 ஜூலையிலோ, தன் வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று சொல்லி லீக் நடத்தும் நிறுவனம் அந்தப் பருவத்தையே நிறுத்திவைத்தது. ஒரு நாட்டின் உயர்மட்ட லீக், ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டில் தொங்கியது.

ஆயினும் பார்வையாளர் படிக்கட்டுகளை எவரும் வாங்கிவிடவில்லை. குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறிய சில வாரங்களில், 2020 ஜனவரி 19 அன்று மோகன் பகானுடன் ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் மாபெரும் பதாகை ஒன்றை விரித்தனர்: இம்மண் ரத்தம் கொடுத்துப் பெற்றது, காகிதம் காட்டிப் பெற்றதன்று என்பது அதன் கருத்து. உங்களுக்காகத்தான் இச்சட்டம் என்று ஆட்சியாளர்கள் எவரை நோக்கிக் கூறினார்களோ, அவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதிய விடை அது. ஆட்டத்தில் 2-1 எனத் தோற்றார்கள்.

2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டத்தை, ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் வன்கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டதற்கு அரங்கில் எதிர்ப்பு எழும் என்று அஞ்சி, பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்தனர். ஆட்டமில்லாத அரங்கின் வெளியே ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்கள் மூன்று நிறக் கொடிகளோடு ஒன்றாகத் திரண்டனர். காவல்துறை தடியடி நடத்தியது. இலிஷ் மீனா இறாலா என்று நூறாண்டாகச் சண்டையிட்டவர்கள், அன்று மாலை ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நீதி கேட்டு முழங்கினார்கள்.