சீமெண்ணெயும் கரிசல் மண்ணும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

முன்வரிசை காலியாக இருந்தும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்நாள் மாணவத் தம்பி தங்கைகளே, நானும் அந்தப் பின்வரிசை ஆள்தான்.

சங்கச் செயலாளர் போன் செய்து, "மண் பரிசோதனையைப் பற்றிப் பேசுங்க, பசங்களுக்குப் பயன்படும்" என்றார். பயன்பட வேண்டுமென்றால் நான் செய்த தப்பைத்தான் பேச வேண்டும். பேசிவிடுகிறேன்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதை டி.வி.யில் பார்த்துப் பயந்தவர்களில் கோவில்பட்டிப் பக்கத்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் உண்டு. சில வருடம் கழித்து அவர் வீடு கட்டத் தொடங்கியபோது, தரைத்தள வீடுதான் என்றாலும், மண் பரிசோதனைக்கென்று தனியாகப் பணம் எடுத்து வைத்து என்னைக் கூப்பிட்டார்.

சித்திரை மாதம். போர் போட்டோம். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட வேண்டும். ஸ்பூன் இறங்கும் முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுகிறதோ அதுதான் 'என்' மதிப்பு. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 34 வந்தது. "பாறை மாதிரி இருக்கு சார்" என்றேன். சாதாரண அஸ்திவாரமே போதும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அங்கிருந்த மேஸ்திரி மட்டும், "கரிசலை நம்பாதீங்க சார், சுக்கான் தட்டுற வரைக்கும் தோண்டிருவோம்" என்றார். நான் கேட்கவில்லை. எண் என் பக்கம் இருந்ததே!

வீடு முடிந்து, ஐப்பசி மழையும் பிடித்தது. கார்த்திகையில் போன் வந்தது. போய்ப் பார்த்தால் கதவு மூடவில்லை. ஹால் நடுவில் தரை மேடாகி டைல்ஸ் எழும்பி நிற்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி வெடிப்பு. என் சுண்டு விரல் உள்ளே போனது. ஆசிரியர் கோபப்படவில்லை. "தம்பி, நீங்க சொன்னபடிதானே கட்டினோம்?" என்றார். என் அறிக்கைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

எண்ணில் தப்பில்லை. கோடையில் காய்ந்த கரிசல் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும்; அப்போது அடித்துப் பார்த்தால் நல்ல எண்தான் வரும். அதே மண் மழைத் தண்ணீரை உறிஞ்சி ஊதும். மேலே பெரிய பாரம் இருந்தால் ஓரளவு அமுங்கிக் கிடக்கும். தரைத்தள வீட்டை லேசாகத் தூக்கிவிடும். மண் எவ்வளவு தாங்கும் என்று பார்த்த நான், எவ்வளவு ஊதும் என்று பார்க்கவில்லை.

அதைப் பார்க்கக் கொஞ்சம் சீமெண்ணெய் போதும். ஐ.எஸ். 2720, 40-ஆம் பாகம். மண்ணை உலர்த்தி 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, 100 மி.லி. ஜாடிகள் இரண்டில் பத்துப் பத்து கிராம் போட வேண்டும். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் சீமெண்ணெய். கலக்கிக் காற்றுக் குமிழை வெளியேற்றி 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். சீமெண்ணெயில் மண் ஊதாது. தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக ஊதியிருக்கிறது என்பதைச் சதவீதமாகப் போட்டால், 50-ஐத் தாண்டினாலே உஷாராக வேண்டும். ஆசிரியர் வீட்டு மண்ணை அப்புறம் போட்டுப் பார்த்தேன். சீமெண்ணெயில் 10 மி.லி., தண்ணீரில் 19. அதாவது 90 சதவீதம்!

முன்பே தெரிந்திருந்தால், ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே பரப்பிய அண்டர்-ரீம்டு பைலை மூன்றரை மீட்டருக்கு இறக்கியிருக்கலாம். பருவத்துக்குப் பருவம் மண் அசைவது அந்த ஆழத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். மேஸ்திரி பேச்சைக் கேட்டிருந்தாலும் தப்பித்திருப்பேன்.

பிறகு வீட்டைச் சுற்றித் தளம் போட்டு, மாடித் தண்ணீரைக் குழாய் வைத்துத் தள்ளி விட்டு, சுவரோரம் அவர் ஆசையாக வைத்த வேப்பங்கன்றையும் பிடுங்கி, தரையை மறுபடி போட்டோம். பாதிச் செலவு என்னுடையது. வெடிப்பைப் பூசியாயிற்று, ஆனாலும் கோடை வந்தால் கோடாகத் தெரிகிறது.

காங்கிரீட் க்யூப் பற்றியும் ஒரு வார்த்தை. சில சைட்டில் க்யூப் பிடிக்கிற நேரத்தில் மட்டும் கலவையில் சிமெண்ட் கூடுதலாக விழும். 28 நாள் கழித்து மெஷினில் அந்த க்யூப் ஜம்மென்று நிற்கும். தூணில் இருப்பதோ வேறு கலவை. இப்படிச் செய்யச் சொல்லி உங்களிடமும் ஒருவர் வருவார். பெரும்பாலும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்பார். டீயைக் குடியுங்கள், மாதிரியை நீங்களே எடுங்கள்.

நேற்று மதியமே நம் லேபில் நான்கு ஜாடி வைத்திருக்கிறேன். இரண்டில் ஆசிரியர் வீட்டு மண், இரண்டில் நம் விடுதிக்குப் பின்னால் எடுத்த மண். "இந்தத் தடவையாவது கழுவி வெச்சிட்டுப் போங்க" என்று சொல்லித்தான் லேப் அண்ணன் சாவி கொடுத்தார். சாப்பாடு முடியும்போது 24 மணி நேரம் ஆகிவிடும். விடுதி மண் எவ்வளவு ஊதியிருக்கும் என்று எனக்கும் தெரியாது. வாருங்கள், போய் அளந்து பார்ப்போம்.