பள்ளி பூட்டிய நாளில்



மழைக்காலத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து, ‘இன்று பள்ளிகளுக்கு விடுமுறை’ என்ற அறிவிப்புக்காகத் தவம் கிடக்கும் வழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. 38 ஆண்டுகள் ஆசிரியனாக இருந்த எனக்குங்கூட, அந்த அறிவிப்பைக் கேட்டவுடன் உள்ளத்தில் ஒரு சிறு துள்ளல் எழாமல் இருந்ததில்லை. ஆனால் அந்தத் துள்ளலோடு கூடவே ஒரு பழைய அச்சமும் எனக்கு எழுகிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2005ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பெருமழையாகப் பெய்தது. செங்கல்பட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியனாக நான் அப்போது இருந்தேன். ஒரு நாள் காலை பத்து மணிக்குள் இரண்டு வகுப்பறைகள் ஒழுகத் தொடங்கிவிட்டன. நீண்ட மணி அடிக்கச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். ‘நேராக வீட்டுக்குப் போங்கள்’ என்று வாசலில் நின்று சொன்னேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பிள்ளையையும் கேட்கவில்லை.

ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், தோழர் இருவரோடு ஏரிக் கலங்கலைப் பார்க்கப் போனான். ஏரி நிரம்பி நீர் வழிந்துகொண்டிருந்தது. ஊரில் பாதிப்பேர் அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாசியில் கால் வழுக்கி அவன் விழுந்தான். கீழே வலையோடு நின்ற பெரியவர் ஒருவர் அவன் தலைமயிரைப் பற்றி இழுத்துக் கரை சேர்த்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அவன் தாய், ‘பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஐயா’ என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் இறைவணக்கக் கூட்டத்தில், ஏரிப்பக்கம் போகக் கூடாது என்று கடுமையாக எச்சரித்தேன். போகாமல் வேறு என்ன செய்வது என்று அவர்கள் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் விடை இருந்திராது.

இந்த வினா புதியதன்று. ரோம் நகரில் சான் லொரென்ஸோ என்னும் பகுதியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகள் இருந்தன. தாய் தந்தையர் வேலைக்குப் போனபின் தனித்துவிடப்பட்ட குழந்தைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவர்களைப் பாழாக்கினார்கள். கட்டடம் கெடாமல் இருக்க யாராவது இவர்களைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று உடைமையாளர்கள் எண்ணினார்கள். அதற்காக அழைக்கப்பட்டவர் மரியா மாண்டிசோரி என்னும் மருத்துவப் பெண்மணி. 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் அங்கே அவருடைய ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கியது. விளையாட்டுப் பொம்மைகளைவிடத் தூசி துடைப்பதும், நீர் ஊற்றுவதும், பொருளை எடுத்த இடத்தில் வைப்பதுமாகிய மெய்யான வேலைகளையே குழந்தைகள் விரும்பினார்கள் என்பதை அவர் அங்கே கண்டார். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இதையெல்லாம் படித்துத் தேர்வில் நான் நன்றாகவே எழுதியிருந்தேன். எழுதியது நினைவுக்கு வர இருபத்துநான்கு ஆண்டுகளும் ஒரு கலங்கலும் வேண்டியிருந்தன!

அந்த ஆண்டே ஒரு வேலையைத் தொடங்கினோம். மழை விடுமுறை என்றால் மழையையே அளப்பது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாத்திரத்தை, மரத்துக்கும் கூரை விளிம்புக்கும் அப்பால் திறந்த முற்றத்தில் வைக்க வேண்டும். வானிலை ஆய்வு நிலையங்களில் செய்வது போலவே, காலை எட்டரை மணிக்கு உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து, பிறகு கொட்டிவிட வேண்டும். முதல் நாளே வழக்கு வந்துவிட்டது. அடுத்தடுத்த வீட்டு மாணவியர் இருவரில் ஒருத்தி 41 மில்லிமீட்டர் என்றாள். மற்றவள் 55 என்றாள். ஒருத்தியை ஒருத்தி பொய்க்காரி என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். இருவரையும் பாத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னேன். முதலாமவள் வைத்தது நேர்ச்சுவருள்ள பால்மாவு டின். மற்றவள் வைத்தது வாய் அகன்று அடி குறுகிய டம்ளர். அகன்ற வாய் வாங்கிய நீர் குறுகிய அடியில் உயர்ந்து நிற்குமல்லவா? நான் விளக்க வாயெடுப்பதற்குள் அவர்களே கண்டுகொண்டார்கள். கரும்பலகையில் ஒரு வாரம் நடத்தினாலும் இவ்வளவு தெளிவு வந்திராது.

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். இதை வைத்துக்கொண்டு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள எங்கள் பள்ளிக் கூடத்துக் கூரையில், 62 மில்லிமீட்டர் பெய்த நாளில் விழுந்த நீர் 2,976 லிட்டர் என்று கணக்கிட்டாள். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று கொண்டால் ஏறத்தாழ 200 குடம். ‘அவ்வளவும் எங்கே போயிற்று, ஐயா?’ என்று கேட்டாள். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது எங்கள் பள்ளியிலும் குழாய் பொருத்தியிருந்தோம். போய்ப் பார்த்தால், வேப்பஞ்சருகு அடைத்து ஒரு துளியும் உள்ளே இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மழைக் குறிப்பேட்டைக் கலங்கலில் விழுந்த அந்தச் சிறுவனிடம் ஒப்படைத்தேன். விடுமுறை நாளில் இருபது வீட்டு அளவுகளையும் கேட்டு எழுத வேண்டியவன் அவன். ஏரிக்குப் போக அவனுக்கு நேரம் ஏது?

எல்லாக் குழந்தைகளுக்கும் அளவும் கணக்கும் சுவைக்கும் என்று நான் சொல்லவில்லை. பாட்டியிடம் பல்லாங்குழி கேட்டுக் கற்கலாம். பதினான்கு குழியில் குழிக்கு ஐந்தாக எழுபது முத்து என்பதே சிறியவர்களுக்கு வாய்பாடு. சற்றுப் பெரியவர்களுக்கு, மூன்று புலியைப் பதினைந்து ஆடு மடக்கும் ஆடுபுலியாட்டத்துக்குத் தரையும் சுண்ணக்கட்டியும் போதும். ஒன்று மட்டும் வேண்டாம்: விடுமுறைக்கென்று பத்துப் பக்கம் வீட்டுப்பாடம். நானும் அப்படித் தந்தவன்தான். என்னிடம் படித்தவர்கள் இதைக் கேட்டால் பொறுத்துக்கொள்வார்களாக.

நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2020 மார்ச்சில், பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் நாள். எங்கள் தெருவில் பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். தொற்றுத் தணிந்திருந்த மாதங்களில், கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி ஐந்தாறு பிள்ளைகளைத் தன் வீட்டுத் திண்ணையில் இடம்விட்டு உட்கார வைத்துக் கதை படித்தாள். பின்பு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது அதில் தன்னார்வலராகவும் சேர்ந்தாள். அவளுக்கு ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற நான் எதிர்வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சில நாளில், அழைக்காமலே என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டேன்.

ஆகவே உங்களில் வயதில் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீடு உங்கள் தெருவில் எது என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த மழை விடுமுறையன்று, காலை எட்டரை மணிக்குள் அந்த வீட்டுக்குப் போய், அவர்கள் கிளம்புமுன் சொல்லிவிட்டு, குழந்தையை உங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். டின்னை மட்டும் முதல் நாள் காலையிலேயே முற்றத்தில் வைத்துவிடுங்கள். மழை தொடங்கியபின் வைத்தால் அளவு குறைந்துவிடும்.