கைப்பிடி அறுந்தால் பெட்டியைத் தூக்கிப் போடலாமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பேசிக் களைத்துப் போயிருக்கிறீர்கள். செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கடைசியில் ஒரு கோரிக்கையும் வைக்கப் போகிறேன். அதுவரை எழுந்து போய்விடாதீர்கள்.

உங்களில் பலர் வீட்டு லாஃப்டில் அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ ஒரு தோல்பெட்டி இருக்கும். நம் பக்கத்தில் அது இல்லாத வியாபாரக் குடும்பம் குறைவு. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது உங்களுக்குத் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக சிவகாசியில் அச்சகம் வளர்ந்தது. அச்சகத்துக்கு ஆர்டர் பிடிக்க ஏஜென்டுகள் ஊர் ஊராகப் போனார்கள். காலண்டர் மாதிரிகளும் ஆர்டர் புத்தகமும் போனது இந்தப் பெட்டியில்தான். விருதுநகரில் பருப்பு, வத்தல், எண்ணெய் வியாபாரிகள் பணம் கட்ட வரும்போது கவுன்ட்டரில் வைத்த பைகளையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டிகள் இப்போது ஒவ்வொன்றாகக் குப்பை வண்டியில் ஏறுகின்றன. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கைப்பிடி அறுந்துவிட்டது.

அறுந்த கைப்பிடியை எடுத்துப் பாருங்கள். நடுவில் அறுந்திருக்காது. கைப்பிடி என்பது கயிறோ சுருட்டிய தோலோ உள்ளே வைத்து, மேலே தோல் சுற்றித் தைத்தது. இரண்டு முனையும் இரும்பு அல்லது பித்தளை வளையத்துக்குள் மடிந்து திரும்பி வரும். முழு எடையும் அந்த மடிப்பில்தான் விழுகிறது. தூக்கும்போதும் வைக்கும்போதும் தோல் வளையத்தில் உராய்கிறது. கை வியர்வை தையலுக்குள் இறங்கி நூலை இற்றுப்போக வைக்கிறது. அதனால் மடிப்பு அறும், இல்லாவிட்டால் நூல் விடும். பெட்டி அப்படியே நன்றாக இருக்கும்.

நூல் மட்டும் விட்டிருந்தால் கவலையே இல்லை. பழைய துளைகளிலேயே மறுபடி தைக்கலாம். புதிதாகத் துளை போட விடாதீர்கள். துளைக்குப் பக்கத்தில் துளை விழுந்தால் தபால்தலை ஓரம் மாதிரி தோல் கிழிந்து வந்துவிடும். மெழுகு தேய்த்த நூல், இரண்டு ஊசி. ஒவ்வொரு துளையிலும் இருபக்கமிருந்தும் ஊசி போக வேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். கொக்கி ஊசியில் போடும் தையல் சீக்கிரம் முடியும், ஆனால் ஓரிடத்தில் விட்டால் அடுத்தடுத்து அவிழும். கைப்பிடிக்கு இரண்டு ஊசித் தையல்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

மடிப்பு அறுந்திருந்தால் புது வார் வைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை. வெள்ளைத் துணியால் தோலைத் தேயுங்கள். செங்கல் பொடி மாதிரி சிவப்பாக ஒட்டினால் அந்த இடத்துத் தோல் செத்துவிட்டது. அதில் தையல் நிற்காது. காற்றில் உள்ள கந்தகப் புகை தோலில் ஏறி அமிலமாவது இதற்கு ஒரு காரணம். லண்டனில் ஒரு கிளப்பின் தோல் நாற்காலிகள் கெட்டதற்கு எரிவாயு விளக்கிலிருந்த கந்தகம்தான் காரணம் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே மைக்கேல் ஃபாரடே சொல்லியிருக்கிறார். கந்தகத்தைப் பற்றி நம் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தீபாவளி வாரத்தில் பெட்டியைப் பால்கனியில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

புது வாருக்கு மரப்பட்டையில் பதனிட்ட தோல் நல்லது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் தோலுக்குத் தமிழ்நாடு பேர்போனது, ஈ.ஐ. லெதர் என்ற பெயரில் 2008-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிடைக்காவிட்டால் தடித்த பழைய பெல்ட் போதும். ஆனால் பெல்ட்டின் ஓரத்தைப் பாருங்கள்; பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது தோல் தூளை ஒட்டிச் செய்தது, பாரம் தாங்காது. ரெக்சினும் வேண்டாம்.

இரும்பு ரிவெட் அடிக்க விடாதீர்கள். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் மை செய்தார்கள். அதே வேலை ஈரம் பட்ட தோலிலும் நடக்கும்: கறுக்கும், பிறகு நொறுங்கும். பித்தளையோ செம்போ கேளுங்கள். சொல்யூஷன் தடவி ஒட்டினால் மட்டும் நிற்காது. தையல் போடும்வரை அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான் அது. வேலை முடிந்ததும் விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு, துணியில் தொட்டு. ஊற்றினால் பூஞ்சணம் பிடிக்கும்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. விருதுநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் உட்காரும் ஒரு பெரியவரிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. எழுபதைத் தாண்டியவர். மகன்கள் இருவரும் பட்டாசு ஆலைக்குப் போகிறார்கள். குத்தூசியை எடுக்க வீட்டில் ஆள் இல்லை. இரண்டு ஊசித் தையல் கேட்டு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள் என்றார்.

இப்போது என் கோரிக்கை. பழுது பார்ப்பவர்கள் கேட்டுக்குள் வரக்கூடாது என்று நம் சங்கத்தில் விதி இருக்கிறது. திருட்டு பயத்தில் போட்டது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெரியவரால் மாடி ஏற முடியாது, நம்மில் பலரால் பஸ் ஸ்டாண்டு வரை பெட்டி தூக்கிப் போக முடியாது. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை 9 மணி முதல் 1 மணி வரை, வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்து நிழலில் அவர் உட்கார அனுமதி கேட்கிறேன். ரெஜிஸ்டரில் பெயர் எழுதட்டும். சங்கத்துக்குச் செலவு கிடையாது, ஒரு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் தவிர. கூலியில் பேரம் மட்டும் பேச வேண்டாம். ஒரு கைப்பிடி ஒழுங்காகத் தைக்க அரை நாள் ஆகும்.

செருப்பு, ஸ்கூல் பை, குடை எதுவானாலும் கொண்டு வரலாம். பெட்டி இருப்பவர்கள் அலுவலகத்தில் இன்றே பெயர் கொடுத்தால், எத்தனை வார் வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிடுவேன். கொண்டு வருமுன் உள்ளறைகளைத் துழாவிப் பாருங்கள். பழைய பாஸ்புக்கோ பத்திரமோ இருக்கலாம்.