இரண்டு பெற்றவன் நான்கு தருக



செயற்கை உரத்தைக் கைவிடும் உழவனுக்கு முதற்கண் வாய்ப்பது விளைச்சலன்று, தனிமை. அடுத்த வயற்காரன் நகைப்பான், இல்லத்தார் அஞ்சுவர். முதலிரண்டு பருவங்களில் விளைவு குன்றுவதும் உண்டு. அந்நாளில் அவனுக்கு வேண்டுவது அறிவுரையன்று. அதே இடரைக் கடந்துவந்த இன்னோர் உழவனின் துணையே.

இதனை நன்குணர்ந்தவர் 2013-இல் மறைந்த கோ. நம்மாழ்வார். அவர் வழிநின்ற நெல் செயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்திவந்தார். அங்கு வரும் உழவர்க்கு 2 கிலோ விதைநெல் விலையின்றி வழங்கப்பெறும். மறு ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். கடனென்று நோக்கின் கொடுவட்டிதான்! ஆயின் அவ்வட்டியைப் பெறுபவன் அடுத்த உழவன்.

இம்முறையின் நுட்பம் எடையில் இல்லை. விதையைத் திருப்ப வருபவன் தன் பட்டறிவையும் உடன்கொண்டே வருகிறான். உவர்நிலத்தில் குழியடிச்சான் எவ்வாறு நின்றது, ஆளுயரத்தை விஞ்சும் காட்டுயானம் பெருமழையை எங்ஙனம் தாங்கிற்று, கலப்புக் கதிரை எந்நிலையில் களைவது என்பனவெல்லாம் விதையோடு கைமாறுகின்றன. தோற்றவன் சொல்லுக்கும் அங்கே மதிப்புண்டு. எந்த அலுவலக அறிக்கையில் அதற்கு இடமுண்டு?

பிலிப்பைன் நாட்டிலிருந்து 1966-இல் வெளிப்போந்த ஐ.ஆர். 8 எண்ணால் அறியப்பட்டது. பூங்கார், குடவாழை, கருங்குறுவை என்பனவோ உழவர் நாவில் பிறந்த பெயர்கள். விதை அழியின் அச்சொற்கள் அகரமுதலியில் மட்டுமே கிடக்கும்.

160-க்கும் மேற்பட்ட நெல்வகைகளை மீட்ட செயராமன் 2018-இல் மறைந்தார். அவர்க்குப் பின்னும் விழா நடைபெற்றது. வாங்கிய விதையைத் திருப்புவோரும் புதிதாய்ப் பெறுவோரும் அதில் கூடினர்.