பழைய விமானத்துக்கு ஒரு கைப்பிடி

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணபதியில் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். நியாயம்தானுங்க. நான் செய்வது பம்ப்செட் உதிரி பாகங்கள். விமானத்தில் ஜன்னல் சீட் கிடைத்தாலே எனக்குச் சந்தோஷம். ஆனாலும் ஒரு பழைய விமானம் எனக்குக் கற்றுக் கொடுத்த இரண்டு பாடங்களை இங்கே சொல்லியாக வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் வடக்கேயிருந்து ஒருவர் போன் செய்தார். பழைய புஷ்பக் விமானம் ஒன்றை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். பெங்களூர் ஹெச்.ஏ.எல். தயாரித்த விமானம் அது. 1958-ல் முதலில் பறந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். 90 குதிரைசக்தி கான்டினென்டல் என்ஜின், இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் போர்த்திய துணி. நூற்றைம்பதுக்கும் மேல் தயாராகி, நம் நாட்டு ஃபிளையிங் கிளப்புகளில் எத்தனையோ பேருக்குப் பறக்கக் கற்றுக் கொடுத்தது.

என்ஜின் சாமான்கூடக் கிடைத்துவிடுகிறதாம். அதே கான்டினென்டல் குடும்பத்து என்ஜின்கள் அமெரிக்காவில் இன்னும் ஓடுகின்றன. கிடைக்காதது சின்னச் சாமான்தான். கதவுக் கைப்பிடி, அதன் பின்தகடு, மீட்டரைச் சுற்றி வரும் வளையம், பேக்லைட் குமிழ். இவற்றை யாரும் ஸ்டாக் வைப்பதில்லை. விமானம் உடைபடும்போது முதலில் காணாமல் போவதும் இவைதான்.

தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் வண்டியின் சொந்தக்காரர்களைத் தேடக் கூடாது. அதன் அண்ணன் தம்பிகளைத் தேட வேண்டும். புஷ்பக்கின் வடிவம் ஏரோன்கா சீஃப் என்கிற அமெரிக்க விமானத்தை ஒட்டியது. அதை வைத்திருப்பவர்களிடம் பழைய பாகப் பட்டியல் இருக்கும். படம் கிடைத்தாலே போதும். தெரிந்த ஒரு அளவை வைத்து மற்ற அளவுகளைக் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு பக்கக் கதவின் கைப்பிடி இருந்தால், மறு பக்கத்துக்கு அதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிச் செய்ய வேண்டும். பேக்லைட்டை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. சிலிக்கோன் அச்சு எடுத்து ரெசினில் வார்க்கலாம். ஒரே எச்சரிக்கை: இருட்டில் ஒளிரும் பழைய மீட்டர்களில் ரேடியம் பூச்சு இருக்கலாம். ஆசைப்பட்டுத் திறந்து சுரண்டிவிடாதீர்கள்.

அவர் அனுப்பியது இடது கைப்பிடி, அலுமினிய வார்ப்பு. இது ஒரு பெரிய வேலையா என்று, அதையே பேட்டர்னாக மண்ணில் பதித்து ஊற்றினேன். பளபளவென்று வந்தது. பின்தகட்டில் வைத்தால் திருகு ஓட்டை பொருந்தவில்லை. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தது. எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் சிரித்தார். "ஏனுங்க தம்பி, அலுமினியம் ஆறுனா சுருங்குமுங்க. காலேஜுல சொல்லித் தரலீங்களா?"

சொல்லிக் கொடுத்தார்கள். முதல் வருஷம் ஒர்க்‌ஷாப்பில், இதே கட்டடத்துக்குப் பின்னால். நூறு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் சுருக்கம். அதற்கென்றே நீட்டிய அளவுள்ள ஷ்ரிங்க் ஸ்கேல். ரெக்கார்டு நோட்டில் நான் காப்பியடித்த பக்கம் அது. மறுபடி பெரிதாக்கிப் பேட்டர்ன் செய்தோம். பொருந்தியது. இது முதல் பாடம்.

இரண்டாவதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கைப்பிடியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர், இன்னொரு சாமானையும் அனுப்பினார். சீட் பெல்ட்டைச் சட்டத்தோடு மாட்டுகிற கொக்கி. துரு தின்ற எஃகு. என்ன ரகம் என்று யாருக்கும் தெரியாது. "இதையும் அதோட சேர்த்துப் போட்டுடுங்க" என்றார். எனக்கும் அந்த வாரம் கூலி கொடுக்கப் பணம் தேவை. அலுமினியத்திலேயே ஊற்றி, பாலிஷ் போட்டு, மேஜைமேல் வைத்துவிட்டேன். பார்க்க நகை மாதிரி இருந்தது.

மாஸ்டர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கொக்கிய நம்பி உங்க பாப்பாவ உக்கார வெப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். விமானம் திடீரென்று நின்றால் 9 மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டும் என்பது பழைய அமெரிக்க விதியிலேயே இருக்கிறது. 70 கிலோ ஆள் என்றால் 630 கிலோ. என் வார்ப்புக்குள் எத்தனை புளோ ஹோல் என்று எனக்கே தெரியாது. டெஸ்ட் இல்லை, மெட்டீரியல் சர்டிபிகேட் இல்லை, அங்கீகாரமும் இல்லை. மறுநாள் காலையில் ஹேக்ஸா எடுத்து அதை இரண்டாக அறுத்தேன். நடுவில் கடுகு சைஸில் ஏழு ஓட்டை. முடியாது என்று அவருக்குப் போன் செய்தேன். கோபித்துக்கொண்டு, பாக்கியிருந்த வளைய வேலையையும் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அந்த வாரக் கூலிக்கு வீட்டம்மா நகையை அடகு வைத்தோம்.

ஒன்றரை வருஷம் கழித்து அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கதவில் என் கைப்பிடி. கீழே ஒரு வரி: கொக்கி எஃகிலேயே, அங்கீகாரம் பெற்ற இடத்தில், பேப்பரோடு செய்து வாங்கிவிட்டாராம். எட்டு மாதம் ஆனதாம்.

தம்பி தங்கைகளே, பழைய சாமானை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்காதீர்கள். ஜே.ஆர்.டி. டாடா 1932-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பயணத்தை, 1982-ல் தம் 78-வது வயதில் லெப்பர்ட் மாத் என்கிற பழைய விமானத்தில் திரும்பப் பறந்து காட்டினார். யாரோ அதன் ஒவ்வொரு திருகையும் காப்பாற்றி வைத்ததால்தான் அது முடிந்தது. நம் விமானப்படையின் டைகர் மாத் 2012-ல் மறுபடி பறந்தபோது, அதைப் பழுது பார்த்தது இங்கிலாந்துப் பட்டறை. அந்த வேலைக்கு வேண்டிய பேட்டர்ன், வார்ப்பு, லேத் எல்லாம் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் இருக்கின்றன. நம்மிடம் குறைவது பேப்பரும் பொறுமையும்தான். அதை நீங்கள் கொண்டு வாருங்கள்.

அறுத்த அந்தக் கொக்கியின் ஒரு பாதியைக் கொண்டு வந்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப் அலமாரியில் வைக்கத் துறைத் தலைவர் அனுமதி கொடுத்திருக்கிறார். ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் பாலிஷ் இன்னும் மங்கவில்லை.